கொழும்பு கண்ட இராணுவச் சட்டம்

கொழும்பு மாநகரின் தென்பால், வெள்ளவத்தைக்கு அணித்தே, ஹவ்லொக் வீதியில் ஒரு விளையாட்டரங்கு உண்டு. ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதற்கு அண்மையில் இசிபத்தனாராமயம் என்னும் பௌத்த விகாரை இருக்கிறது. அந்த விகாரை ஒரு தந்தை தம் மகனின் நினைவாக எழுப்பியது. மகன் போர்க்களத்தில் இறந்தவருமல்லர், நோயுற்று மாண்டவருமல்லர். 1915-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் அரசாங்கத்தின் துப்பாக்கிக்கு இரையானவர். அந்த மரணத்தின் வரலாறு ஒரு குடும்பத்தின் துயரத்தோடு முடிவதன்று. குடிமக்களின் உயிரை அரசு பறித்தபோது நீதிமன்றங்கள் ஏன் வாய்மூடி நின்றன என்பதே அதன் உட்பொருள்.

நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறை கொழும்பில் 1915-இல் புதிதாகத் தோன்றியதன்று. அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அது கொட்டாஞ்சேனையில் வேரூன்றியது. 1883-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுத் திருநாளன்று, மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. பலர் அடியுண்டனர். ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டவர்கள் போதிய சான்று இல்லையெனக் கூறி விடுவிக்கப்பட்டனர். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பௌத்தர்களின் மனம் கொதித்தது. ஆயினும், அக்கொதிப்பு அன்று மனுவாக உருக்கொண்டது. 1884-ஆம் ஆண்டில் கர்னல் ஒல்கொட் பௌத்தர்களின் சார்பில் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அடுத்த ஆண்டு வெசாக் நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. கேட்டது நீதி, கிடைத்தது ஒரு விடுமுறை. குற்றவாளி யாரென்று தீர்ப்புச் சொல்லப்படாத அந்தக் குறை மக்கள் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

1915-ஆம் ஆண்டுக் கலகமும் ஓர் ஊர்வலத்தை ஒட்டியே எழுந்தது. கம்பளையில் பௌத்தப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் முழக்கலாமா என்பது வழக்காயிற்று. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914-இல் பௌத்தர் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி நகரப் பள்ளிவாசல் அருகே கைகலப்பு மூண்டது. சில நாட்களுக்குள் அது கொழும்புக்கும் பிற இடங்களுக்கும் பரவியது. முஸ்லிம் வணிகரின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கலகக்காரரால் கொல்லப்பட்டனர். கொள்ளையிடப்பட்ட கடைகள் நாலாயிரத்துக்கும் மேல். போர்க்காலத்தில் ஏறிவிட்ட விலைவாசியும், கடன் கொடுக்கும் வணிகர்மீது ஏழைகள் கொண்ட வெறுப்பும் இத்தீக்கு எண்ணெய் வார்த்தன. இழந்தவர்கள் முஸ்லிம்கள் என்பதையும், அவர்களைக் காப்பது அரசின் கடமை என்பதையும் மறந்து அந்நாள் வரலாற்றைப் பேசுதல் தகாது.

ஆனால், காக்கப் புறப்பட்ட அரசு எவ்வழியிற் சென்றது? தேசாதிபதி சர் ரொபர்ட் சால்மர்ஸ் பாளி மொழியில் வல்ல அறிஞர். பௌத்த நூல்களைப் பதிப்பித்தவர். ஐரோப்பாவில் உலகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. அந்த மே மாதத்திலேயே அவருடைய புதல்வர் இருவரும் போர்க்களத்தில் மாண்டனர். கலகத்தின் பின்னால் அரசைக் கவிழ்க்கும் சதியொன்று இருப்பதாக ஆட்சியாளர் அஞ்சினர். ஜூன் 2-ஆம் நாள் கொழும்பில் இராணுவச் சட்டம் பிறந்தது. பின்னர் அது மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. பஞ்சாபியப் படையினரும், ஆயுதம் தரப்பட்ட ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் ஊர்களுக்குள் அனுப்பப்பட்டனர்.

கலகம் ஜூன் முதல் வாரத்தோடு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்டு 30-ஆம் நாள் வரையில் நீடித்தது. இந்த இடைவெளியே பின்னர் எழுந்த வழக்கின் உயிர்நாடி. கலகம் நடக்கும்போது துப்பாக்கி எடுப்பது ஒன்று. கலகம் அடங்கியபின், ஊர் அமைதியாயிருக்கும்போது, பிடித்து வந்தவனைச் சுவரருகே நிறுத்திச் சுடுவது வேறொன்று. நீதிபதிகள் தத்தம் ஆசனங்களில் இருந்தனர்; நீதிமன்றங்களின் கதவுகளும் திறந்தே கிடந்தன. எனினும், குற்றஞ்சாட்டப்பட்டோர் அங்கே கொண்டுசெல்லப்படவில்லை. சிலரைப் படை நீதிமன்றங்கள் விசாரித்தன. வேறு சிலருக்கு அந்த விசாரணையும் கிட்டவில்லை.

பேதிரிஸ் கொழும்பில் செல்வாக்கு மிக்க வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரி. இருபத்தேழு வயது நிரம்பாதவர். கூட்டத்தை ஏவிவிட்டார் என்று அரசுத் தரப்புக் கூறியது. கூட்டத்தைக் கலைத்து அனுப்பியவரே அவர் என்று ஊரார் கூறினர். இவ்விரண்டில் எது மெய் என்று வழக்கறிஞர் வாதிட, ஜூரிமார் கேட்க, திறந்த மன்றத்தில் ஆராயப்பட்டிருந்தால் ஐயம் தெளிந்திருக்கும். படை நீதிமன்றம் அரசத் துரோகம் முதலிய குற்றங்களுக்காக மரண தண்டனை விதித்தது. கலகம் அடங்கி ஒரு திங்கள் கழிந்தபின் தண்டனை நிறைவேறியது. அவரைச் சுட்டுக்கொன்ற நாற்காலி குருதிக் கறையோடு மற்றச் சிறைவாசிகளுக்குக் காட்டப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்போது சிறைப்பட்டிருந்தவர்களுள் மதுவிலக்கு இயக்கத்தின் தலைவர்கள் பலர் இருந்தனர். எப். ஆர். சேனாநாயக்கா, பிற்காலத்தில் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலகா முதலியோர் அவர்களுள் அடங்குவர். அநகாரிக தர்மபாலாவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையிலே நோயுற்று இறந்தார்.

இந்நிலையில் குரல் எழுப்பியவர் ஒரு தமிழர். சர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அப்போது வயது அறுபத்து நான்கு. முன்னர் அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரலாகப் பணியாற்றிச் சட்டத்தின் நெளிவுசுளிவுகளை அறிந்தவர். 1911-இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அச்சபையில் 21 உறுப்பினர்; அவர்களுள் 11 பேர் அரசாங்க அதிகாரிகள். எத்தனை முழங்கினாலும் வாக்கெடுப்பில் வெல்ல இயலாது என்பது அவர் அறிந்ததே. அறிந்தும் எழுந்து பேசினார். கலகம் அடங்கிய பின்னும் இராணுவச் சட்டம் எதற்கு, நீதிமன்றங்கள் திறந்திருக்கப் படை நீதிமன்றம் எதற்கு, விசாரணையின்றி மாண்டவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்பனவே அவர் தொடுத்த வினாக்கள். பேச்சோடு நில்லாமல், நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். இலங்கைக் கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் எழுதிய நூல் 1916-இல் இலண்டனில் வெளிவந்தது. வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேராவும் டி. பி. ஜயதிலகாவும் அங்கே சென்று போராடினர். விசாரணையின்றிச் சுடுமாறு பிறந்ததாகக் கூறப்பட்ட ஆணையின் நகலைப் பெரேரா தம் காலணிக்குள் மறைத்துக் கொண்டுசென்றார் என்பது நாட்டு மக்கள் மறவாத கதை. இராமநாதன் கொழும்புக்குத் திரும்பியபோது சிங்கள இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

இப்புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கடைகளையும் உற்றாரையும் இழந்த முஸ்லிம்களின் துயரத்துக்கு இராமநாதனின் உரைகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் அச்சமூகத்தில் நெடுங்காலம் நிலவியது. அரசின் கொடுமையைக் கண்டிப்பவன், கலகக்காரனின் கொடுமையையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். நீதி ஒரு சாராருக்கு மட்டும் உரிய பொருளாயின் அதற்கு நீதி என்னும் பெயர் பொருந்தாது.

முறையீடுகளின் பயன் யாது? சால்மர்ஸ் 1915-இன் இறுதியில் இலங்கையை விட்டு நீங்கினார். 1916-இல் வந்த சர் ஜோன் ஆண்டர்சன், விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பற்றி ஆராயக் குழு அமைத்தார். அவற்றுட் சில கொலைகள் எவ்வகையிலும் நியாயப்படுத்தத் தகாதவை என்பது வெளிப்பட்டது. அங்ஙனமாயின், சுட்டவர்கள் ஏன் கூண்டில் நிறுத்தப்படவில்லை? அதற்குரிய கதவு முன்னரே அடைக்கப்பட்டிருந்தது. இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 1915 ஆகஸ்டில், அரசின் ஆணையொன்று பிறந்தது. இராணுவச் சட்ட காலத்தில் அமைதியை நிலைநாட்டும் பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயல்களுக்காக எந்த அதிகாரிமீதும் வழக்குத் தொடுக்கலாகாது என்பது அதன் கருத்து. செய்தவரைக் காக்கும் சட்டமாதலின் இதனைக் காப்புச் சட்டம் எனலாம். முதலில் மன்னிப்பு, பின்னர் விசாரணை. இவ்வாறு முறை தலைகீழாயிற்று.

இது இலங்கைக்கு மட்டும் உரிய தந்திரமன்று. ஜமெய்க்காத் தீவில் 1865-இல் எழுந்த கலகத்தின்போது, ஜோர்ஜ் வில்லியம் கோர்டன் என்னும் சட்டசபை உறுப்பினர் இராணுவச் சட்டம் இல்லாத ஊரில் பிடிக்கப்பட்டு, அது நடைமுறையில் இருந்த ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். தேசாதிபதி எயர் பதவியிழந்தார். ஆயினும், அவர்மீது தொடுக்கப்பட்ட உரிமை வழக்கைக் காப்புச் சட்டம் தடுத்துவிட்டதென 1870-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கைக்குப்பின் நான்காண்டு கழிந்து, 1919 ஏப்ரல் 13-ஆம் நாள், அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டையர் சுட்டதில் அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். அங்கும் ஹண்டர் குழு விசாரித்து முடிப்பதற்கு முன்பே காப்புச் சட்டம் நிறைவேறியது. டையர் பதவியிலிருந்து விலக்கப்பட்டாரேயன்றிக் குற்றவாளிக் கூண்டில் நின்றாரில்லை.

மக்களின் சினம் வீண்போயிற்று என்று சொல்வதற்கில்லை. சிறையில் தளிர்த்த உணர்ச்சி அரசியல் இயக்கமாயிற்று. 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் இராமநாதனின் தம்பி சர் பொன்னம்பலம் அருணாசலம். ஆட்சி மாறியது, அடுத்த முப்பதாண்டுகளுக்குள் நாடே விடுதலை பெற்றது. ஆனால், அதிகாரியை வழக்கிலிருந்து காக்கும் அந்தப் பழைய வழக்கம் ஆங்கிலேயரோடு கப்பலேறவில்லை.

1977 ஆகஸ்டுக் கலவர காலத்தில் அரசு அதிகாரிகள் செய்த செயல்களுக்குப் பாதுகாப்பளித்து 1982-இல் சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் காப்புச் சட்டம் இயற்றியது. 1983 ஜூலை 25-ஆம் நாள் வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தமிழர் கடைகளும் இல்லங்களும் எரிந்தன. அதே நாளில், பேதிரிஸ் மாண்ட அதே வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள் கழித்து மேலும் 18 பேர் அவ்வாறே கொல்லப்பட்டனர். மாண்ட 53 பேரும் அரசின் காவலில் இருந்தவர்கள். மரண விசாரணையில் இவை கொலைகள் என்றே முடிவாயிற்று. கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. 1988-இல் காப்புச் சட்டத்தின் கால எல்லை அவ்வாண்டு டிசம்பர் வரையில் நீட்டப்பட்டது. 1983-ஆம் ஆண்டும் அந்த எல்லைக்குள் அடங்கிற்று. 1915-இல் சிங்களத் தாயொருத்தி கேட்ட கேள்வியையே 1983-இல் தமிழ்த் தாயொருத்தியும் கேட்க நேர்ந்தது. இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றே.

சினம் கொண்ட மக்களை அடக்குவது அரசுக்கு எளிது; அவர்களை ஆற்றுவதே அரிது. ஆற்றும் வழி நீதிமன்றத்தின் வழி ஒன்றேயாகும். அங்கே குற்றம் இன்னதென்று சொல்லப்பட வேண்டும். சாட்சி கேட்கப்பட வேண்டும். துப்பாக்கி ஏந்தியவனும் மற்றவனைப்போல் விடைசொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் தீர்ப்பின்றி விடப்பட்ட சிறு புண்ணும், 1915-இல் சட்டத்தாலேயே மூடப்பட்ட பெரும் புண்ணும், 1983-இல் மீண்டும் வாய்பிளந்த புண்ணும் உணர்த்தும் உண்மை இதுவே.

2024-ஆம் ஆண்டில் இலங்கை ஜனாதிபதி பேதிரிசுக்கு மன்னிப்பு வழங்கினார். நூற்றொன்பது ஆண்டு கழிந்து வந்த அந்த மன்னிப்பு நன்றே. ஆயினும், மன்னிப்பு என்பது குற்றவாளிக்குத் தரப்படுவது. 1915-இல் அவர்பொருட்டுக் கேட்கப்பட்டது மன்னிப்பன்று. திறந்த நீதிமன்றத்தில் ஒரு விசாரணை. அது கிடைக்காத தந்தை மகனுக்காக விகாரை எழுப்பினார். வெலிக்கடையில் 1983-இல் மாண்டவர்களின் குடும்பங்கள் கேட்டதும் அந்த விசாரணையையே.