கோட்டைக் கல்லூரியின் வாத்தியார்கள்

வடவெல்லை வரலாறு – 11

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31. ராஜேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில் பிறந்த ஆணை அவற்றில் பதிவாகியிருக்கிறது. 1905இல் வெளியுலகுக்குத் தெரியவந்த இந்த ஏடுகளின் முற்பகுதி வடமொழி; பிற்பகுதி தமிழ். நாராயணன் என்ற புலவர் பாடிய வடமொழிப் பகுதி சோழர் குலத்தின் பெருமையையும், கடாரம் கொண்டது வரையிலான ராஜேந்திரனின் வெற்றிகளையும் பேசுகிறது. தமிழ்ப் பகுதியோ நேராக நிலத்துக்கு வருகிறது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஆணை எப்படிப் பிறந்தது, எந்தெந்த அதிகாரிகள் உடனிருந்தார்கள், பெண் யானையை நடத்தி எல்லை காட்டியது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது.

புகழ் பாட ஒரு மொழி, வரப்பைக் குறிக்க ஒரு மொழி. இரண்டையும் எழுதவும் வாசிக்கவும் சரிபார்க்கவும் தெரிந்த ஆட்கள் சோழ அரசிடம் இருந்தார்கள். எண்ணூறு ஆண்டுகள் கழித்து இதே மண்ணை ஆள வந்த கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

சித்தூர் கச்சேரியில் இரண்டு மொழி

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் வடபகுதி 1808இல் வட ஆற்காடு மாவட்டம் ஆனது. தலைநகர் சித்தூர். ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவரும் சித்தூரைச் சுற்றியிருந்த தெலுங்குக் குடியானவரும் ஒரே கலெக்டரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். திருத்தணி வட்டாரமோ கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. அங்கே ஒரே தெருவில் இரண்டு மொழியும் புழங்கின.

கம்பெனி வேலைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். குடியானவர் சொல்வதைத் துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னாரோ அதுவே அவர்களுக்கு வேதம். வரி பாக்கியும் நிலத் தகராறும் மீராசு என்ற பரம்பரை நில உரிமையும் துபாஷியின் நாக்கைப் பொறுத்தே தீர்ந்தன. இதை மாற்றியாக வேண்டும் என்று முனைந்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1796இல் சென்னைக்கு வந்து 1810இல் சென்னைக் கலெக்டரானவர், திருக்குறளில் தோய்ந்தவர். அவர் முயற்சியால் 1812இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம், பாரசீகம், அரபி, இந்துஸ்தானி, மராத்தி ஆகியவை அங்கே பாடங்கள். புதிதாக வந்த சிவில் அதிகாரிகள் இங்கே மொழி கற்றுத் தேற வேண்டும். அதன்பிறகுதான் மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். நம்மவர்களுக்கும் மொழியும் சட்டமும் கற்பித்து, ஆசிரியர்களாகவும் நீதிமன்றங்களின் சட்ட அதிகாரிகளாகவும் தயார் செய்தார்கள். கல்லூரிக்கென்று அச்சகம் இருந்தது, நூலகமும் இருந்தது. பின்னாளில் கல்லூரி நுங்கம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று பள்ளிக் கல்வித் துறை அலுவலகம் இருக்கும் டி.பி.ஐ. வளாகம்தான் அந்த இடம். அதன் வாசலில் போகும் கல்லூரிச் சாலைக்குப் பெயர் கொடுத்தது இந்தக் கல்லூரியே.

1816இல் நடந்தது

தமிழ்த் தலைமை ஆசிரியர் சிதம்பர வாத்தியார். தெலுங்குக்கும் சமஸ்கிருதத்துக்கும் தலைமை ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. எல்லிஸின் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சங்கரய்யாவும் அவருடைய ஆய்வுக்குத் துணை. பல மொழிப் பண்டிதர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, பாடம் எழுதி, ஒருவர் ஏட்டை மற்றவர் பார்க்கும் நிலை அதற்குமுன் சென்னையில் வாய்த்ததில்லை. கல்லூரியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அந்த நெருக்கத்தில் பிறந்தது.

இந்திய மொழிகள் பெரும்பாலும் சமஸ்கிருதத்திலிருந்து கிளைத்தவை என்பதே அப்போது கல்கத்தா அறிஞர்களின் கருத்து. வில்லியம் கேரி 1814இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணமும் அந்தக் கருத்தோடுதான் வந்தது. சென்னைக் கல்லூரியின் செயலர் ஏ.டி. கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816இல் கல்லூரி அச்சகத்தில் அச்சானபோது, அதன் முன்னுரைக்கு எல்லிஸ் ஒரு நீண்ட குறிப்பு எழுதிச் சேர்த்தார். அதில் அவர் கையாண்ட வழி மிக நேர்த்தியானது. பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற்களை எடுத்துக்கொண்டார். ஒரு பத்தியில் சமஸ்கிருத வேர்கள், அடுத்ததில் தெலுங்கு வேர்கள், இரண்டும் ஒட்டவில்லை. பிறகு தெலுங்கு வேர்களுக்குப் பக்கத்தில் தமிழையும் கன்னடத்தையும் வைத்தார், பொருந்தின. வேர்களோடு நிற்காமல் சொற்களுக்குப் போனார். சொற்களைத் தாண்டி வாக்கிய அமைப்புக்கும் போனார். தெலுங்கு இலக்கணிகள் தங்கள் சொற்களைச் சமஸ்கிருதத்திலிருந்து அப்படியே வந்தவை, திரிந்து வந்தவை, நாட்டுக்கே உரியவை என்று முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். எல்லிஸின் வாதம் அந்த அடித்தளத்தின் மேல் நின்றது.

தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை அந்தக் குறிப்பு நிறுவியது. திருத்தணிச் சந்தையில் காய் வாங்குகிறவருக்கு இது காதாலேயே தெரியும். நமக்கு மூக்கு, தெலுங்கருக்கு முக்கு. நமக்கு மூன்று, அவர்களுக்கு மூடு. ஆனால் காதில் கேட்பதை எவரும் மறுக்க முடியாத ஆதாரமாக்க, அந்த வேர்ப்பட்டியலும் அதைத் தொகுத்த ஆசிரியரும் தேவைப்பட்டார்கள். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். எல்லிஸின் குறிப்புக்கு நாற்பது ஆண்டு கழித்து.

எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு இறந்தார். நாற்பது வயது வரை எதையும் நூலாக வெளியிடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர் அவர். விட்டுச்சென்ற காகிதங்களில் பெரும்பகுதி மதுரையில் ஓர் அதிகாரி வீட்டுச் சமையற்காரர் அடுப்பு மூட்டப் பயன்பட்டது என்று வால்டர் எலியட் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அதை வாசிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கல்லூரி தொடர்ந்தது. 1817இல் சென்னைக்கு வந்த சார்லஸ் பிலிப் பிரவுன் இங்கேதான் தெலுங்கு படித்தார். பிற்காலத்தில் மாபெரும் தெலுங்கு அகராதியைத் தந்தார். முத்துசாமிப் பிள்ளை வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிச் சேகரித்து, அவர் வரலாற்றையும் எழுதினார். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் 1826இல் வந்து, தமிழ் உரைநடைக்கே புது நடை காட்டியது. 1854இல் அரசு கல்லூரியை மூடிவிட்டது. தேர்வு நடத்த ஒரு குழு மட்டும் மிஞ்சியது. தேர்வு இருந்தது, பண்டிதர்கள் கூடி உட்காரும் இடம் போயிற்று.

சியோலில் ஒரு கல்லூரி

பல மொழிப் பண்டிதர்கள் கூடி உட்காரும் அப்படிப்பட்ட இடத்தின் அருமையைக் கொரியா முன்பே அறிந்திருந்தது. அங்கே சோசன் அரசு 1393இலேயே மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றும் சாயோக்வோன் என்ற அலுவலகத்தை நிறுவியது. சீனம், மங்கோலியம், ஜப்பானியம், பின்னர் மஞ்சு மொழி எனச் சுற்றியிருந்த அரசுகளின் மொழிகளெல்லாம் அங்கே பாடம். அங்கே பயின்றவர்கள் படித்த நொகோல்டே என்ற சீனப் பாடநூல், வியாபாரத்துக்காகப் பீஜிங் போகும் கொரிய வணிகர்களின் உரையாடலாகவே அமைந்தது. குதிரை விலை பேசுவதிலிருந்து சத்திரத்தில் தங்குவது வரை அதில் பாடம் உண்டு. 1894 வரை, ஐந்நூறு ஆண்டுகள் அந்த அலுவலகம் நடந்தது.

கொரியப் போர் 1953இல் ஓய்ந்தது. மறு ஆண்டே, நாடு இடிபாடாகக் கிடந்தபோதே, சியோலில் ஹன்குக் அயல்மொழிப் பல்கலைக்கழகம் பிறந்தது. கிம் ஹுங்பே நிறுவிய அந்தக் கல்விக்கூடம் ஆங்கிலம், பிரெஞ்சு, சீனம், ஜெர்மன், ரஷ்யம் என்று தொடங்கியது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். இந்தியும் அவற்றில் ஒன்று. மொழிகளோடு அந்தந்த நாட்டு அரசியலும் பொருளாதாரமும் பாடங்கள்.

அந்தத் தேவை இப்போது நமக்கும் வந்திருக்கிறது. 1998 முதல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார்கள் உருவாகின்றன. நம் பிள்ளைகள் கொரிய மேலாளர்களோடு தினமும் வேலை பார்க்கிறார்கள். 2006இல் சென்னையில் தொடங்கிய இன்கோ மையம் போன்ற இடங்கள் கொரிய மொழியைச் சொல்லித் தருகின்றன. நல்ல முயற்சி, ஆனால் ஒரு மொழிக்கு ஒரு மையம் என்பது போதாது. கொரியமும் ஜப்பானியமும் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை மற்றவர் பார்க்க வேண்டும். அப்படி இருந்த கோட்டைக் கல்லூரி நான்கே ஆண்டில் ஒரு மொழிக் குடும்பத்தை உலகுக்குக் காட்டியது. அந்தப் பண்டிதர்களுக்கு நாம் செலுத்தும் கடன், அப்படியொரு பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாட்டில் எழுப்புவதும், சிதம்பர வாத்தியார், பட்டாபிராம சாஸ்திரி பெயர்களைக் கால்டுவெல் பெயருக்குப் பக்கத்தில் நம் பாடப்புத்தகங்களில் அச்சிடுவதும்தான்.

(தொடரும். அடுத்த வாரம்: 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்த கதை.)