உளி கண்டதும் கண்ணாடி கண்டதும்

லண்டன் மாநகரில், முப்பது வயது நிரம்பாத ராபர்ட் ஹூக் என்பவர், கூரிய பேனாக்கத்தியால் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, அதைக் கரிய தட்டின்மேல் வைத்துத் தம் பூதக்கண்ணாடியின் வழியே நோக்கினார். தேன்கூட்டின் கண்ணறைகளைப்போல் அடுக்கடுக்காகத் தெரிந்த வெற்றிடங்களுக்குச் சிற்றறை என்னும் பொருள்பட அவர் வைத்த பெயரே இன்று 'செல்' என்று பள்ளிப்பிள்ளைகளின் வாயிலும் வழங்குகிறது. ஒரு கன அங்குலத் தக்கையில் 1,25,97,12,000 அறைகள் உண்டென்று கணக்கிட்டு, அதைத் தாமே நம்பமாட்டாதவராய் வியந்து, 1665-ஆம் ஆண்டு அச்சேறிய தம் கிரந்தத்தில் அவர் எழுதியும் வைத்தார். தக்கை என்பது ஒரு மரத்தின் பட்டை. அதுவும் உயிர் நீங்கிய பட்டை. ஆகையால் ஹூக் கண்டவை குடியிருந்தவர் வெளியேறிவிட்ட வீட்டின் சுவர்களேயன்றி வேறல்ல.

குடியிருப்பவர் உள்ளே இருக்கும்போதே திறந்து பார்க்கப்பட்ட பட்டையைத் தேடி இனி நாம் கூலாய்க்குப் போகவேண்டும்.

ஜொகூர் பாருவுக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், 1909-இல் திறக்கப்பட்ட ஜொகூர் இரயில் பாதையின் மேல் அமைந்த ஊர் அது. காம்பியரும் மிளகும் விளைந்த ஜொகூர் மண்ணில் அவ்விரண்டின் காலமும் ஓய்ந்துவர, ரப்பரைத் தரும் பால்மரம் வந்து ஊன்றிற்று. பால்மரத்தின் பின்னால் நம்மவர் வந்தனர். இன்று அங்கே செம்பனையும் தொழிற்சாலைகளும், மின்கணினிகளை வரிசை வரிசையாய் அடுக்கிவைத்த தரவு மையங்களும் மலிந்துவிட்டனவாயினும், ஊரின் முதியவர்களிடம் 'காடு' என்று சொன்னால் அவர்கள் மனத்தில் எழுவது பால்மரக்காடுதான்.

அம்மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து கொணர்ந்த எழுபதாயிரம் விதைகளில் முளைத்த கன்றுகள் சிலவே. அவற்றுள் சிங்கப்பூருக்கு 1877-இல் வந்து சேர்ந்தவை இருபத்திரண்டு. மரம் வந்தது, பால் எடுக்கும் வித்தை வரவில்லை. அமேசானில் கோடரியால் கொத்திப் பால் வடிப்பது வழக்கம். கோடரி பட்ட இடத்தில் கட்டைவரை காயம் இறங்கி, பட்டை மறுபடி செவ்வையாய் வளராது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, புதுக் காயம் செய்யாமல் பழைய காயத்தின் ஓரத்தையே ஒவ்வொரு முறையும் மெல்லியதாய்ச் சீவி எடுத்தால், பால் குறையாமல் மிகுவதைக் கண்டறிந்தார். ரப்பர் விதைகளைச் சட்டைப்பைகளில் நிரப்பிக்கொண்டு, கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் 'நடுங்கள், நடுங்கள்' என்று வற்புறுத்திய அம்மனிதருக்கு அக்காலத்தார் இட்ட பட்டம் 'பைத்தியக்கார ரிட்லி'. பைத்தியம் பலித்தது, 1896-இல் மலாக்காவின் டான் சாய் யான் வர்த்தக முறையில் முதல் தோட்டம் போட்டார்.

மரம் வெட்டும் காரியத்தைச் சற்று அருகே நின்று பார்ப்போம். பொழுது புலராத வேளையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கின் மஞ்சள் வட்டம் ஒன்றே துணையாய் மரத்தடிக்கு வரும் பெண், முதலில் வெட்டுக்கோட்டின் மேல் நேற்றோ முந்தைய நாளோ உறைந்துகிடக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி, நீண்ட நாடாவாய் ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுகிறாள். பிறகு உளியை இடப்புற மேல்முனையில் பொருத்தி, வலப்புறக் கீழ்முனைவரை, மரத்தைச் சுற்றித் தன் கால்களும் பின்னோக்கி நகர, பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுகிறாள். சீவல் சுருண்டு விழுகிறது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் கோடு முழுவதும் வெண்முத்துகள் அரும்பி, ஒன்றோடொன்று கூடி, தகரப் பீலி வழியே மங்கில் இறங்குகின்றன. இவ்வண்ணம் நானூறு ஐந்நூறு மரங்கள். உளி கட்டையைத் தொட்டால் 'காயம்'. கங்காணியின் வசவு அன்று மாலைவரை ஓயாது. கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னே நின்றுவிடவேண்டும்; அதற்கும் முன்னரே நின்றால் பால் இராது. அந்த ஒரு மில்லிமீட்டரை அளக்க அவளிடம் இருந்த கருவி மணிக்கட்டு ஒன்றே.

ஏன் இடமேலிருந்து வலக்கீழ்? ஏன் விடியுமுன்? ஏன் கட்டைக்கு அத்தனை அருகில்? துரையைக் கேட்டிருந்தால் அது தோட்டத்துச் சட்டம் என்றிருப்பார். இச்சட்டங்கள் ஒவ்வொன்றும் மரத்தின் உயிரணுக்கள் விதித்தவை என்பது சாஸ்திரிகளின் நுண்பெருக்கி பட்டைக்குள் புகுந்த பிறகே தெளிவாயிற்று. கைக்குத் தெரிந்தது முந்தி, கண்ணுக்குத் தெரிந்தது பிந்தி என்பதே இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

இலங்கையில் பிரைஸ், காம்ப்பெல் ஆகிய இருவர் 1917-இலும், பாபிலியாஃப் என்பவர் தாம் எழுதி 1923-இல் வெளியான நூலிலும் விவரித்த சித்திரம் இது: பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் சில உயிரணுக்கள், தம்மிடையேயுள்ள குறுக்குச் சுவர்களைத் தாமே கரைத்துக்கொண்டு, நெடிய குழாயாகிவிடுகின்றன. ஹூக் கண்ட வீட்டுக்குச் சுவரே அடையாளம். இவ்வீட்டாரோ சுவரை இடித்து ஒரே கூடமாக்கிக்கொண்ட கூட்டுக்குடும்பத்தார். மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அகலமுள்ள இக்குழாய்கள் பக்கவாட்டிலும் இணைந்து, மரத்தைச் சுற்றி வளையம் வளையமாய் அமைகின்றன. புதிய வளையங்களை உண்டாக்கும் படலம் கட்டையை ஒட்டியே இருப்பதால், பால்குழாய்கள் செறிந்திருப்பதும் அங்கேதான். அப்படலத்தில் உளி பட்டாலோ புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். குழாய்கள் செங்குத்தாய் நில்லாமல், மேலே போகப்போகச் சில பாகை வலப்புறம் சாய்கின்றன; எனவே இடமிருந்து வலமாய் இறங்கும் கோடு அதிகக் குழாய்களை அறுக்கிறது. மலாயாவில் 1925-இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் சார்பில் 1972-இல் கோமெஸ், நாராயணன், சென் ஆகிய மூவர், மரவகைகளின் பட்டையில் பால்திசு எவ்வளவு உண்டு என்பதைக் கண்ணாடியின் கீழ் எண்ணியும் அளந்தும் கணக்கெடுத்தனர்.

விடியலின் காரணத்தை 1964-இல் பட்டரி, போட்மன் ஆகியோர் வெளியிட்டனர். பட்டைக்குள் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி அவர்கள் அளந்தபோது, பால்குழாயின் உள்ளழுத்தம் விடியுமுன் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேலாக இருந்தது. வெயிலேறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அது தணிந்தது. நான்கு மணிக்குக் குளிரில் எழுந்தவர்களின் கண்ணெரிச்சலுக்கு உண்மையான எஜமான் இலைதான் போலும்!

மங்கில் விழுவது மரத்தின் சாறு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சாறன்று, உயிரணுவின் உள்ளிருக்கும் ஜீவத்திரவமே வெளியேறி நிற்கிறது. அதில் ரப்பர் துகள்கள் மூன்றிலொரு பங்களவு மிதக்கின்றன. 1929-இல் சுவிஸ் அறிஞர் ஃப்ரை-விஸ்லிங் மஞ்சள் நிறத் துகள்களை அதில் கண்டார். பிறகு ஹோமன்ஸ், வான் கில்ஸ் ஆகியோர், ஒற்றைச் சவ்வுக்குள் அமிலத் திரவத்தைச் சிறைவைத்த சிறு பைகளை அறிந்து, 'லூட்டாய்டு' என்று பெயரிட்டனர். அணுக்கருவோ குழாய்ச் சுவரோரம் தங்கிவிடுகிறது. அது எஞ்சி நிற்பதனால்தான் வடிந்தது மறுபடி ஊறுகிறது.

அப்பைகளின் மர்மம் 1968-இல் ஆராய்ச்சி நிலையத்தின் சஞ்சிகையில் சதர்ன் வெளியிட்ட எலெக்ட்ரான் நுண்பெருக்கிப் படங்களில் வெளிப்பட்டது. வெட்டியதும் அழுத்தம் திடீரென வீழ, சுற்றுத்திசுவின் நீர் உட்புகுந்து பாலை நீர்த்துப்போகச் செய்ய, பாய்ச்சலின் வேகத்தில் லூட்டாய்டுகள் வெடிக்கின்றன. அவற்றினின்று சிந்திய பொருள்கள் ரப்பர் துகள்களைத் திரட்டி, குழாயின் அறுபட்ட வாயிலேயே அடைப்பாய் நிற்கின்றன. நம் விரல் அறுந்தால் குருதி உறைவதை ஒத்த தற்காப்பு இது. முதலில் ஓடி, பிறகு சொட்டி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் நின்றுபோவது இதனால்தான். வெட்டுக்கோட்டின் மேலே படிந்த கடைசிப் பால் காற்றில் காய்ந்து தோலாகிவிடும்.

மறுமுறை விளக்குடன் வருபவள் முதல் வேலையாய் நகத்தால் கிளப்பி உரிக்கும் ஒட்டுப்பால் நாடா அதுவே. அவளுடைய பிள்ளைகள் அந்நாடாவில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கல்லைப்போல் கனக்கும் பந்தாக்கி, லயத்து வாசலில் மாலைதோறும் அடித்து விளையாடினார்கள். தரையில் பட்டால் கூரைக்கு மேல் எழும்பும் அந்தப் பந்து.