வயது விதியும் புதுச் சாதனமும்: ஓர் அடிக்குறிப்பை முன்னிட்ட ஆராய்ச்சி

அமெரிக்கப் பொதுநூலகங்களின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் எவராயினும், மைக்கேல் ஹாரிஸ் 1973 செப்டம்பரில் ‘லைப்ரரி ஜர்னல்’ பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரையோடு வாதாடாமல் மேலே செல்வது இயலாததாகிவிட்டது. பொதுநூலகம் ஜனநாயக நம்பிக்கையின் புதல்வி என்று அதுகாறும் சொல்லப்பட்டுவந்த இனிய கதையை அவர் ஒரே கட்டுரையில் தலைகீழாக்கினார். பாஸ்டன் பொதுநூலகத்தை நிறுவ முன்னின்ற ஜார்ஜ் டிக்னர் முதலிய கனவான்கள், கப்பல் கப்பலாக வந்திறங்கிய அந்நிய தேசத்தாரைக் கண்டு அஞ்சி, அவர்களைக் கட்டுக்கடங்கிய குடிகளாக்கும் கருவியாகவே நூலகத்தைக் கருதினர் என்பதும், பின்னாளில், 1930களின் இறுதியில், நூலகர்கள் மக்களின் அறியும் உரிமைக்குத் தாமே காவலர் என்று கூறிக்கொண்டது தம் தொழிலின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வாய்த்த வசதியான கொள்கையே என்பதும் அவருடைய சித்தாந்தம். ஃபிலிஸ் டெய்ன் 1975இல் அதே பத்திரிகையில் இதனை மறுத்து எழுதினார். ஆயினும் ஹாரிஸின் வாசிப்பு அழிந்துபோகவில்லை, அழியத்தக்கதுமன்று. நூலகத்தார் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட புகழுரைகளைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது என்று கற்பித்த உபகாரம் ஒன்றே அவருக்கு நாம் கடப்பாடுடையோம் என்பதற்குப் போதுமானது.

இந்த வாசிப்பை நூலகங்களின் வயது விதிக்கும் நீட்டினால் கிடைப்பது மிகவும் எளிய ஒரு விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறுவர்களை வாசலில் நிறுத்தியவர்களும், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் கணினித்திரையின்மேல் வடிகட்டி மாட்டியவர்களும், காலத்தால் வேறாயினும் மனத்தால் ஒருவரே. விதி மாறவில்லை, விதியின் உடை மட்டுமே மாறிற்று என்பது அந்த விடை. எளிமையே இதன் வலிமை. ஆனால் வயது விதி எந்தெந்தக் காலத்தில் தோன்றிற்று, எங்கே தளர்ந்தது, மறுபடியும் எப்போது தலையெடுத்தது என்று வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின், அதன் ஏற்றத்தாழ்வு மேலோரின் அச்சத்தைப் பின்பற்றிச் செல்வதாகத் தோன்றவில்லை. வாசகனுக்கும் நூலுக்கும் நடுவே நூலகரின் கை எவ்வளவு தூரம் நின்றது என்பதையே அது பின்பற்றுகிறது. புதிய சாதனம் ஒன்று வந்து அந்தக் கையை விலக்கும்போதெல்லாம் வயது பற்றிய தர்க்கம் புதிதாக எழுகிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே. இதற்கு ஆதாரம் சில இடங்களில் பலமாகவும், ஓரிடத்தில் மெலிதாகவும் இருக்கிறது.

1876இல் அமெரிக்கக் கல்விப் பணியகம் வெளியிட்ட பொதுநூலக அறிக்கையில், பின்னாளில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகராகிய வில்லியம் ஃப்ளெட்சர் இளைஞரும் நூலகமும் என்னும் பொருள்பற்றி எழுதியிருக்கிறார். 12 அல்லது 14 வயதிற்குக் குறைந்தோரை விலக்குவது அக்காலத்து வழக்கமாயிருந்ததை எடுத்துக்காட்டி, அவர் அதனைக் கண்டித்தார். வயது விதி உச்சத்திலிருந்த நாளிலேயே தொழிலுக்குள்ளிருந்து எதிர்ப்புக் குரலும் எழுந்தது என்பது ஹாரிஸின் வழியில் நிற்போர் கவனிக்கவேண்டிய முதற் செய்தி. இரண்டாவது செய்தி, அன்றைய நூலகம் எப்படி இயங்கிற்று என்பது. அடுக்குகள் வாசகனுக்கு மூடப்பட்டிருந்தன. அச்சிட்ட அட்டவணையைப் புரட்டி, எண்ணைக் குறித்துச் சீட்டெழுதி, மேசைக்கு அப்பாலிருந்த சிப்பந்தியிடம் நீட்டினால், அவர் உள்ளே சென்று நூலோடு வருவார், அல்லது வெறுங்கையோடு வருவார்.

இங்கிலாந்தில் இந்த வெறுங்கை நடையை மிச்சப்படுத்தவே ஆல்ஃப்ரட் காட்கிரீவ் என்பார் தம் ‘இண்டிகேட்டர்’ பலகையைச் சமைத்தார். ஆளுயரச் சட்டத்தில் நூலொன்றுக்கு ஒன்றாக எண்ணிட்ட சிறு தகரத் தட்டுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். நீலமுனை தெரிந்தால் நூல் உள்ளே இருக்கிறது, சிவப்புமுனை தெரிந்தால் வெளியே போயிருக்கிறது. வாசகன் நூலைப் பார்க்கமாட்டான், எண்ணைத்தான் பார்ப்பான். அந்தக் காலத்திற்கு இது புத்தம்புது யந்திரம். இதை மெச்சியவர்களும் பலர், பரிகசித்தவர்களும் பலர். அட்டவணையைப் பார்க்கவும், எண்ணைத் தேடவும், சீட்டெழுதவும், ஜாமீன் காட்டவும் வல்லவனே இத்தகைய மேசைமுன் நிற்க முடியும் என்பதையும், பத்து வயதுப் பையனின் கண்மட்டம் அந்தச் சட்டத்தின் மேல்வரிசையை எட்டாது என்பதையும் எண்ணினால், வயது விதி சிறுவனின் ஒழுக்கத்தைக் காக்க விதித்ததா, அல்லது மேசையின் வேலையைக் காக்க விதித்ததா என்ற கேள்வி எழாமற்போகாது. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். ஆனால் முன்னதை மட்டும் கண்டு பின்னதைக் காணாதது ஹாரிஸின் வாசிப்பிலுள்ள குறை.

மேசை விலகியதும் என்ன நிகழ்ந்தது? கிளீவ்லாந்தில் வில்லியம் பிரெட் 1890இல் அடுக்குகளைத் திறந்துவிட்டார். 1893இல் அமெரிக்கா சென்று திரும்பிய ஜேம்ஸ் டஃப் பிரவுன் 1894இல் லண்டன் கிளார்க்கன்வெல்லில் அதையே செய்தார். உள்ளே செல்லவும் வெளியே வரவும் சிறு தடுப்புக் கதவுகளை வைத்து, ‘காப்புடைய’ திறந்த அடுக்கு என்று அதற்குப் பெயருமிட்டார். இதனை முன்னணியில் நின்று எதிர்த்தவர்களுள் காட்கிரீவும் ஒருவர். இண்டிகேட்டர் விற்பவர் இண்டிகேட்டர் வேண்டாத முறையை வரவேற்பாரென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. (சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் சி. இரா. அரங்கநாதன் திறந்த அடுக்கைக் கொண்டுவந்தது, இந்தப் போர் அங்கே ஓய்ந்தபின், 1924-25இல் இங்கிலாந்தில் அவர் கண்ட நூலகங்களின் பயனாகும்.) பிரெட்டும் பிரவுனும் அடுக்குகளைத் திறந்த அதே பத்தாண்டில்தான் அமெரிக்காவில் குழந்தைகளுக்கெனத் தனியறைகள் தோன்றின: புரூக்லைனில் 1890, டென்வரில் ஜான் காட்டன் டேனாவின் காலத்தில் 1894, புரூக்லினில் பிராட் கலாசாலையில் 1896. இவற்றுள் எது முதன்மையானது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. படிக்க மட்டும் இடங்கொடுத்த அறையையும், நூலை வீட்டிற்கு எடுத்துச்செல்ல விட்ட அறையையும் ஒன்றாக எண்ணுவதா வேறாக எண்ணுவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். 1894இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் லேக் பிளாசிட் மாநாட்டில் லூட்டி ஸ்டேர்ன்ஸ் அம்மையார் சிறுவர் வாசிப்பைப் பற்றிய தமது அறிக்கையைப் படித்து, வயது வரம்பை அகற்ற வேண்டுமென்று வாதித்தார்.

இங்கே ஒரு நுணுக்கம். வயது விதி மறையவில்லை, இடம் பெயர்ந்தது. வாசலில் நின்றது, உள்ளே வந்து இரண்டு அறைகளுக்கு நடுச்சுவராயிற்று. நியூயார்க் பொதுநூலகத்தில் ஆன் கரோல் மூர் அம்மையார் குழந்தைகள் பகுதியை நடத்திய முறையில், குழந்தைக்கு இத்தனை வயதா என்பதைவிடத் தன் பெயரைப் பேரேட்டில் தானே எழுத வருமா என்பதே முக்கியமாயிற்று. பேனாவைப் பிடித்துத் தடித்த புத்தகத்தில், நூல்களைப் பேணுவேன் என்ற உறுதிமொழியின்கீழ்ப் பெயரெழுதினால் அட்டை கிடைக்கும். ஆண்டுக் கணக்கினிடத்தில் கையெழுத்து வந்து அமர்ந்தது. கட்டுப்படுத்தும் ஆசை ஒன்றே காரணமெனின், அந்த ஆசைக்கு ஆண்டுக் கணக்கைவிட வசதியான ஆயுதம் ஏது? அதை ஏன் கைவிட்டார்கள்?

இனி, நான் சற்று அதிகமாகத் தங்கிப் பேச விரும்பும் ஆதாரத்திற்கு வருகிறேன். அமெரிக்க நூலகச் சங்கத்தின் நூலக உரிமைப் பிரகடனம், டெமாயின் நகர நூலகத்தில் ஃபாரஸ்ட் ஸ்பால்டிங் 1938இல் வகுத்ததை ஒட்டி, 1939 ஜூன் 19ஆம் நாள் ஏற்கப்பட்டது. அதன் முதல் வாசகத்தில் வாசகனின் வயதைப் பற்றிய பேச்சே இல்லை. 1961இல் இனம், மதம், தேசியப் பிறப்பு, அரசியற் கருத்து ஆகியவை காரணமாக நூலகப் பயன்பாட்டை மறுக்கலாகாது என்ற விதி சேர்ந்தபோதும் வயது சேரவில்லை. 1967 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில், இளைஞரின் அறிவுச் சுதந்திரத்தைப் பற்றிய முன்மாநாடு ஒன்று கூடியபின், அதே மாதம் 27ஆம் நாள், வயதும் விதிக்குள் வந்தது. அதுவும் பட்டியலின் தலையில். 1980இல் வாசகம் சுருங்கியபோது அது இரண்டாமிடத்திற்கு இறங்கிற்று. இந்த ஏற்ற இறக்கத்திற்கு நான் பெரிய அர்த்தம் கற்பிக்கவில்லை. கவனிக்கவேண்டியது பிரகடனத்தின் அடியில், திருத்தங்களின் தேதிகளை அடுக்கிய சிறு எழுத்து வரி. 1944, 1948, 1961, 1967, 1980 என்று திருத்திய நாட்களைச் சொல்லிவந்த அந்த வரி, வேறெந்தச் சொல்லுக்கும் செய்யாத ஒன்றை ஒரு சொல்லுக்கு மட்டும் செய்கிறது: வயது என்னும் சொல்லைச் சேர்த்தது 1996 ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் உறுதிசெய்யப்பட்டதாகக் குறிக்கிறது. 2019இல் தனிமையுரிமை பற்றிய ஏழாம் பிரிவு சேர்ந்தபின்பும் அந்தக் குறிப்பு நீக்கப்படவில்லை. தனி வாக்கியமாகவே நிற்கிறது.

இனத்தையோ கருத்தையோ உறுதிசெய்ய எவருக்கும் தோன்றவில்லை. வயதை மட்டும் ஏன்? 1967இல் சேர்ந்த சொல்லுக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து என்ன ஆபத்து நேர்ந்தது? மறுநாளே, அதாவது ஜனவரி 24ஆம் நாள், சங்கத்தின் பேரவை மின்னணுத் தகவலும் வலையமைப்புகளும் பற்றிய தன் விளக்கவுரையை ஏற்றது. பதினைந்து நாள் கழித்து, பிப்ரவரி 8இல், இணையத்தில் சிறார் காணத் தகாதவற்றைக் குற்றமாக்கிய தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம் கையெழுத்தாயிற்று. அந்தச் சட்டத்தின் வித்தான திருத்தம் செனட்டில் நிறைவேறியது 1995 ஜூனில். நூலகச் சங்கம் பிப்ரவரி மாதமே வழக்குத் தொடுத்தது. 1997 ஜூன் 26இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பிரதான பகுதியைச் செல்லாததாக்கிற்று. அடுத்தடுத்த இரு நாட்களில் ஒரே பேரவை செய்த இரண்டு காரியங்களும் ஒரே காரியத்தின் இரு பாதிகள் என்பது என் அனுமானம். அனுமானமே, நாட்கள் நெருங்கியிருப்பது காரண காரியத்தை நிரூபித்துவிடாது. கூட்டம் ஒரே வாரத்தில் கூடினால் தீர்மானங்களும் ஒரே வாரத்தில்தான் வரும் என்று ஒருவர் மறுத்தால், அம்மறுப்பை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். எனினும், 1972இல் சிறார்க்குத் தடையற்ற அனுமதி பற்றிய விளக்கவுரையும், 1989இல் வீடியோ நாடாக்கள் பற்றிய விளக்கவுரையும் வந்தபோது அடிவரி அசையவில்லை. நாடாவை மேசையிலிருந்து எடுத்துக்கொடுக்க ஒரு கை இருந்தது. வலையில் அந்தக் கை இல்லை. அடிவரி அசைந்தது அப்போதுதான்.

ஹாரிஸ் இதற்கும் விடை வைத்திருப்பார்: எல்லாரையும் அனுமதிப்போம் என்பது பொறுப்பைத் துறக்கும் சோம்பல் என்பார். ஆனால் சோம்பலுள்ள தொழில், அரசாங்கம் வயது வேலியைத் தானே கட்ட முன்வந்தபோது நன்றியோடு ஒதுங்கியிருக்கும். வழக்கு மன்றத்திற்குப் போயிராது.

அவ்வழக்கு ஓய்ந்தபின் வந்த சட்டம் வேறு தந்திரம் செய்தது. 2000 டிசம்பர் 21இல் கையெழுத்தான குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் எவரையும் தண்டிக்கவில்லை; அரசுப் பணம் வாங்கும் நூலகம் வடிகட்டி மாட்டவேண்டும் என்று மட்டும் நிபந்தனையிட்டது, 17 வயதிற்குக் குறைந்தோர்க்கு மேலும் ஒரு தடையையும் சேர்த்தது. 2003 ஜூன் 23இல் உச்ச நீதிமன்றம் ஆறுபேர் தீர்ப்பால் இதனை நிலைநிறுத்திற்று. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட்டின் உரையோடு முழுதும் உடன்பட்டவர் அவரோடு சேர்த்து நால்வரே. வடிகட்டியை நிறுத்தும்படி வயதுவந்தோர் நூலகரைக் கேட்கலாம் என்பது அத்தீர்ப்பின் ஆறுதல். ஆனால் அச்சட்டத்தின் இரு பகுதிகளை ஒப்பிட்டால் ஒரு பேதம் தெரியும்: தொலைத்தொடர்புக் கட்டணச் சலுகை பற்றிய பகுதியில் வயதுவந்தோர் பயன்படுத்தும்போது மட்டுமே வடிகட்டியை நிறுத்தலாம், நூலக மானியம் பற்றிய பகுதியில் எவர் பயன்படுத்தும்போதும் நிறுத்தலாம். ஒரே சட்டத்தில், பணம் வந்த வழியைப் பொறுத்து வயது வேலி இருக்கிறது அல்லது இல்லை. சிறுவனின் மனம் எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்தது என்பதைப் பொறுத்துக் கெடுவதில்லை ஆதலின், சிந்தித்து வகுத்த ஒழுக்கக் கொள்கை ஒன்றின் வெளிப்பாடாக இதனைக் கொள்வது அரிது. வடிகட்டி வாங்கித் தந்தது வேறொன்று: வயதுவந்த வாசகனும், தான் விரும்பியதைக் காண, மேசைமுன் சென்று ஒருவரைக் கேட்கவேண்டியவனானான். பிரெட்டும் பிரவுனும் அகற்றிய மேசை இதுவே.

ஹாரிஸ் சொன்னது முழுப்பொய் என்பது என் முடிவன்று. டிக்னரின் பாஸ்டனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். வயது விதியின் சரித்திரத்திற்கு அதனை நீட்டுவதே தவறு. அந்தச் சரித்திரத்தில் 1996 ஜனவரியின் இரு நாட்கள் இன்னும் தெளிவு பெறவேண்டியவை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பழைய ஆவணங்கள் இலினாய் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகின்றன. இத்துறையில் உழைக்கும் இளைய ஆராய்ச்சியாளர் அவ்விரு நாட்களின் பேரவை நடவடிக்கைகளை அருகருகே வைத்துப் படித்து, என் அனுமானம் பிழையெனக் கண்டால் தயக்கமின்றி மறுத்தெழுதுவார்களாக.