வீட்டுத் திரையில் ஓர் ஊமைப்படம்

பிரிட்டிஷ் ஊமைப்படம் ஒன்றை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பது அதைப் பார்த்த கணக்கிலேயே சேராது என்பார்கள் சிலர். இருண்ட அரங்கு, பெரிய வெண்திரை, அதன் அடியில் வாத்தியக் குழு, சுற்றிலும் கூட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் படம். வட்டிலோ இணையத்திலோ கிடைப்பது அதன் எலும்புக்கூடு என்பது அவர்கள் கட்சி. இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் 1920களின் திரையரங்கை அது கோயிலாக்கிவிடுகிறது. ரசிகர்கள் எல்லோரும் வாய் பொத்தி, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்ததாக ஒரு நினைப்பு. அதற்கு எதிர்ச்சாட்சி அந்தக் காலத்துப் படம் ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது.

முன்னாள் பிரதமர் ஆஸ்க்வித்தின் மகன் அந்தோணி ஆஸ்க்வித் 1929இல் எடுத்த படம் ‘எ காட்டேஜ் ஆன் டார்ட்மூர்’. சிறையிலிருந்து தப்பிய ஜோ டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஓடிவந்து, ஒருத்தி குழந்தையோடு தனித்திருக்கும் வீட்டுக்குள் நுழைகிறான். கதை பின்னோக்கிப் போகிறது. அவன் சலூனில் முடிதிருத்துபவன். அவள், சாலி, அதே கடையில் வாடிக்கையாளர்களின் நகங்களைத் திருத்துபவள். ஹாரி என்ற விவசாயி அங்கே வரப்போக இருக்க, சாலியின் மனம் அவன் பக்கம் சாய்கிறது. பொறாமையில் ஜோவின் சவரக்கத்தி ஹாரியின் கழுத்தில் பாய்கிறது. அதற்கு முன் வருகிறது ஒரு நீண்ட திரையரங்கக் காட்சி. ஹாரியும் சாலியும் படம் பார்க்கப் போகிறார்கள். ஜோ பின்தொடர்ந்து வந்து பின்வரிசையில் உட்காருகிறான். முதலில் ஹெரால்ட் லாயிட் நகைச்சுவை. வாத்தியக்காரர்கள் வியர்த்து வாசிக்க, வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவுகிறது. அடுத்தது பேசும்படம். வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் சீட்டாடவும் பீர் குடிக்கவும் தொடங்குகிறார்கள். அவர்கள் பிழைப்பில் மண் விழப்போவதை ஆஸ்க்வித் வேடிக்கையாகவே சொல்லிவிடுகிறார். திரையில் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் அவர் ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை; முகங்கள்தான் காட்சி. ஜோ படம் பார்க்கவே இல்லை. அவன் கண் முன்வரிசைப் பிடரிகள் மீதே நிற்கிறது. அரங்கில் உட்கார்ந்தவர்களெல்லாம் ஒன்றிப் பார்த்தார்கள் என்ற நம்பிக்கையைத் தகர்க்க இந்த ஒரு காட்சி போதும்.

மூல அனுபவம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்ததா என்பதும் கேட்க வேண்டியது. லண்டனின் பெரிய அரங்கில் முழு வாத்தியக் குழு. சிறு ஊரில் ஒற்றைப் பியானோ, வாசிப்பவர் கைக்கு வந்த மெட்டு. ஓட்டும் வேகமும் இடத்துக்கு இடம் மாறும். ஹிட்ச்காக்கின் ‘பிளாக்மெயில்’ 1929இல் பேசும்படமாகவும் ஊமைப்படமாகவும் வெளிவந்தது. ஒலிக்கருவி பொருத்தாத அரங்குகளே அப்போது நாட்டில் மிகுதி. அவற்றுக்குப் போனது ஊமைப்பதிப்பு. இவற்றில் எதை அசல் என்பது? டார்ட்மூர் படத்தின் அரங்கக் காட்சிக்கும் முதலில் ஒலி சேர்த்திருந்தார்கள். அந்த ஒலித்தட்டுகள் இன்று இல்லை. ஆக, இன்றைய பெரிய அரங்கில் பார்த்தாலும் அன்றைய படம் முழுசாகக் கிடைக்காது.

வீட்டில் படம் ஓட்டுவதும் நேற்று வந்த பழக்கமல்ல. பாத்தே நிறுவனம் 1922இல் 9.5 மில்லிமீட்டர் சுருளும் கையால் சுற்றும் சிறு புரொஜெக்டரும் கொண்டுவந்தது. துளைகள் ஓரத்தில் இல்லாமல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே இருக்கும். எழுத்து அட்டை வரும் இடத்தில் சுருளின் விளிம்பில் ஒரு வெட்டு. அதைத் தொட்டதும் படம் தானே நின்று, படிக்க நேரம் தந்து, பிறகு நகரும். நீள அட்டைக்காகச் சுருளை வீணாக்க வேண்டாம் என்ற சிக்கனப் புத்தி. பெரிய படங்களை நறுக்கிச் சுருக்கித்தான் விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நறுக்குத் துண்டுகளிலிருந்துதான் திரைப்பட வரலாற்றாளர் கெவின் பிரவுன்லோ தொடங்கினார். ஆபேல் கான்ஸின் ‘நெப்போலியன்’ என்ற பிரெஞ்சுப் படத்தின் இரண்டு சுருள்கள் 1954இல், பள்ளி வயதில், அவர் கைக்கு வந்தன. 1980இல் லண்டனில் அவர் மீட்டெடுத்த அந்தப் படம் கார்ல் டேவிஸின் இசையோடு மீண்டும் திரை ஏறியது. அரங்கு பறிகொடுத்ததை ஒரு வீடு மீட்டுத் தந்தது என்றால் மிகையில்லை.

வீட்டில் கவனம் சிதறும், கைப்பேசி அழைக்கும் என்பார்கள். சிதறும்தான். பேசும்படத்தைக் காதால் தொடர்ந்தபடி காய் நறுக்கலாம். ஊமைப்படத்தில் அது நடக்காது. ஆஸ்க்வித் எழுத்து அட்டைகளைக் கஞ்சத்தனமாகவே பயன்படுத்துகிறார். ஒரு பார்வை தவறினால் ஜோவின் கை எப்போது கத்திப் பக்கம் போனது என்பதே பிடிபடாது. திருப்பி ஓட்டத்தான் வேண்டும். 1929இன் ரசிகனுக்கு அந்த வசதி இல்லை.

வீடு தர முடியாதது ஒன்று உண்டு: பக்கத்து இருக்கைச் சிரிப்பு. லாயிட் படத்துக்கு அரங்கே குலுங்குவதை நாம் தனியே உட்கார்ந்து பார்க்கிறோம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஆனால் இந்தக் காட்சிக்கு அந்தத் தனிமை பொருந்தியே வருகிறது. அத்தனை பேர் நடுவில் சிரிக்காமல் இருப்பவன் ஜோ ஒருவன். வீட்டில் பார்ப்பவருக்கு அவன் இருக்கைதான் வாய்க்கிறது. கூட்டத்தோடு பார்ப்பவர்கள் அந்த நிமிடத்தில் ஹாரியும் சாலியுமாகச் சிரித்துவிடக் கூடும்.