நீலப்பல் மன்னனும் கணினியின் நீலச் சின்னமும்



பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன் பட்டாவது ஒரு கணினியை வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஒரு நாள் அதை முடுக்கினால், திரையின் மூலையில் வழக்கமாகத் தெரியும் புளூடூத் சின்னத்தைக் காணோம். காதில் மாட்டும் ஹெட்செட் இணைய மறுக்கிறது. உடனே, "கணினி கெட்டுவிட்டது, வேறு வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது எவ்வளவு அவசரமான முடிவு என்பதைப் புளூடூத்தின் வரலாறே நமக்கு உணர்த்தும்.

புளூடூத் என்றால் நீலப்பல் என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனுக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. இறந்துபோன பல் ஒன்று கறுத்துத் தெரிந்ததால் அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். டென்மார்க்கில் ஜெல்லிங் என்னும் ஊரில், தன் பெற்றோரின் நினைவாக அவன் நாட்டிய கல் இன்றும் நிற்கிறது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றவன் என்று அக்கல்வெட்டு அவனைக் கூறுகிறது. பிரிந்து கிடந்தவற்றை ஒன்று சேர்த்தவன் என்பதே அவனுடைய புகழ்.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1994ஆம் ஆண்டில், சுவீடனின் லுண்டு நகரில் எரிக்சன் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். கருவிகளை இணைக்கும் கம்பிகளை ஒழித்து, அவற்றின் இடத்தில் வானொலி அலையை வைப்பதே அவர்களின் நோக்கம். நெதர்லாந்து நாட்டவரான யாப் ஹார்ட்சன் அவர்களில் முதன்மையானவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 தடவை தடம் விட்டுத் தடம் தாவும்படி அவர்கள் வழி செய்தார்கள். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தடத்தில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் ஒரு நிறுவனம் மட்டும் இதைச் செய்தால் பயன் என்ன? எல்லார் கருவியும் எல்லார் கருவியோடும் பேச வேண்டுமல்லவா? ஆகவே எரிக்சன், இண்டெல், நோக்கியா ஆகியவை கூடிப் பேசின. 1997இல் இண்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக், ஹரால்டு மன்னனின் பட்டப்பெயரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. 1998இல் ஐ.பி.எம்., தோஷிபா இரண்டும் சேர, ஐந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ஹரால்டின் பெயரின் முதலெழுத்துகளைப் பழைய ரூன் எழுத்தில் பின்னியதுதான் நாம் காணும் நீலச் சின்னம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கூட்டமைப்பு விதிகளை மட்டுமே வகுத்தது. அவ்விதிகளைக் கணினிக்குள் செயற்படுத்தியவர்கள் வேறு பலர். விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வெளிவந்தபோது அதில் புளூடூத் வசதி இல்லை. 2004இல் வந்த இரண்டாம் திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. லினக்ஸ் கணினிகளுக்கு, குவால்காம் நிறுவனத்தில் பணியாற்றிய மேக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி எழுதிய புளூசெட் என்னும் மென்பொருள் 2001இல் வெளிவந்தது. திரையில் சின்னத்தைக் காட்டும் ஆப்லெட் என்னும் குட்டி நிரலை எழுதியவர்கள் இன்னும் வேறு ஆட்கள். ஆக, அடியில் வானொலிச் சில்லு, நடுவில் பின்னணிச் சேவை, மேலே குட்டி நிரல் என மூன்று அடுக்குகள். மூன்றும் வெவ்வேறு கைகளில் பிறந்தவை.

2012 டிசம்பரில் புளூசெட்டின் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. பேசும் முறையே அதில் மாறிப்போயிற்று. பழைய முறைக்கு எழுதப்பட்ட குட்டி நிரல்களால் அதனோடு பேச முடியவில்லை. அவற்றைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சில்லு நன்றாக இருந்தும் சின்னம் வேலை செய்யாமற்போவதற்கு இது நல்ல சான்று.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரட்டுக்கு ஓர் ஆள் வரவில்லையென்றால் கங்காணி லயத்துக்கு ஆளனுப்பி விசாரிப்பார்; உடனே செக்ரோலில் பெயரை அடித்துவிட மாட்டார். கணினியிலும் அப்படியே, கீழிருந்து மேலாக விசாரிக்க வேண்டும்.

முதலில், கணினியில் புளூடூத் சில்லு உண்டா என்று பாருங்கள். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் அது கிடையாது, யு.எஸ்.பி. துளையில் செருகும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றே போதும். அடுத்து, விமானப் பயண நிலை போடப்பட்டு அலை தடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, பின்னணிச் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் அதன் பெயர் புளூடூத் சப்போர்ட் சர்வீஸ். அது உறங்கினால், மேலே இருக்கும் நிரலுக்குப் பேச ஆளில்லை. கடைசியாகக் குட்டி நிரலுக்கு வாருங்கள். விண்டோஸில் சின்னம் வெறுமனே மறைக்கப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் அதை வெளிக்கொணரலாம். லினக்ஸில், கட்டளைச் சாளரத்தில் அந்நிரலின் பெயரைத் தட்டி இயக்கினால், எங்கே தடுக்கியது என்று அதுவே பெரும்பாலும் எழுதிக் காட்டும். மேலடுக்கும் நடு அடுக்கும் வெவ்வேறு காலப் பதிப்புகளாக இருந்தால், இரண்டையும் ஒருசேரப் புதுப்பியுங்கள்.

நேயர்களே, இந்தச் சோதனைகளுக்குக் காசு செலவில்லை. ஒரு மணி நேரப் பொறுமை போதும். பெரியவர்கள் அருகில் இருக்க, பள்ளி செல்லும் பிள்ளைகளையே இதைச் செய்யச் சொல்லுங்கள். கருவிக்கு உள்ளே இருப்பவை எவை, யார் செய்தவை என்று அறிந்த பிள்ளை, அதைக் கண்டு அஞ்ச மாட்டான். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறவும் மாட்டான். பலரை ஒன்று சேர்த்தவன் பெயரைத் தாங்கிய கருவி இது. சேர்க்கை எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று தேடிப் பார்ப்பதே அதைச் சீர்ப்படுத்தும் வழி.