எல்லை வகுத்த ஐந்தாவது கோரிக்கை

கருவியொன்றைப் புனைந்தோர் காப்புரிமை விண்ணப்பத்தில் படமே முதன்மையானது எனக் கருதுவதுண்டு. வரலாறு வேறு கூறுகிறது.

மின்காந்த விசையால் தொலைவில் எழுத்துப் பதிக்கும் வழி எதுவாயினும் தமதே என்றார் தந்தி கண்ட மோர்ஸ். அளவு கடந்த அந்த எட்டாவது கோரிக்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1854-இல் தள்ளியது.

கிரகாம் பெல் 1876 பிப்ரவரி 14-இல் விண்ணப்பித்தார்; மார்ச் 7-இல் காப்புரிமை பெற்றார். அவர் கருவி தெளிவாகப் பேசியதோ மார்ச் 10-இல்தான்! அவரைக் காத்தது ஐந்தாவது கோரிக்கை: குரல் காற்றில் எழுப்பும் அதிர்வை ஒத்த மின்னலைகளால் ஒலியை அனுப்பும் முறையும் கருவியும். பிறர் கருவியை மாற்றியமைத்தும் அம்முறையை விலக்க இயலவில்லை. 1888-இல் அதே நீதிமன்றம் பெல்லின் உரிமையை நிலைநாட்டிற்று.

நேயர்களே, கருவியைப் படம் விளக்கும். உரிமைக்கு எல்லை வகுப்பது சொல்லே.