லக்சபான நீரும் கொழும்பு ட்ராமும்

1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னிலையில் ஓர் ஆய்வுரை படிக்கப்பட்டது. படித்தவர் அரசாங்கப் பொறியியலாளரான டி. ஜே. விமலசுரேந்திர. மஸ்கெலியா ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் மலைநாட்டிலிருந்து இறங்கும் நீரைக்கொண்டு இந்நாட்டின் ஆலைகளை இயக்கலாம், வீடுகளுக்கு ஒளி தரலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். புகையிரதத்தையும் மின்சாரத்தால் ஓட்டவேண்டும் என்பது அவரது கொள்கை. இது வெறுங் கற்பனை அன்று. 1912இலேயே நுவரெலியா நகருக்கு ஒளியூட்ட, பிளக்பூல் என்னுமிடத்திற் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்துக் காட்டியவர் அவர்.

எனினும், லக்சபான நிலையத்திலிருந்து மின்சாரம் பாயத் தொடங்கியது 1950இலேதான். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அருவி அங்கேயே இருந்தது. கணக்கும் கைவசம் இருந்தது. இடையில் மாறவேண்டியிருந்தது யாது?

அக்காலத்து ஆட்சி தேயிலைக்கும் இறப்பருக்கும் காவல் நின்ற ஆட்சி. சட்டசபையில் தோட்டத் துரைமாருக்கும் ஐரோப்பிய வணிகருக்கும் தனி ஆசனங்கள் இருந்தன. உழைப்பவனுக்கு வாக்கே இல்லை. கொழுந்தை உலர்த்தி அரைத்துப் பெட்டியிலடைத்துக் கப்பலேற்றுவதற்கு மேலாக இந்நாட்டில் ஒரு கைத்தொழில் வேண்டுமென்று நினைக்க அவர்களுக்கு என்ன தேவை? 1920களின் நடுப்பகுதியிற் லக்சபானவில் வேலை தொடங்கிற்று. சில ஆண்டுகளில், பணமில்லை என்று கைவிடப்பட்டது. ஆனால் 1929இல் கொலன்னாவையில், இறக்குமதி எரிபொருளால் இயங்கும் நிலையமொன்று எழுந்தது. ஆளுநர் ஸ்ரான்லியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. தலைநகரின் விளக்குகளுக்கு அது போதும். நாட்டுக்குப் போதுமா என்பது எவரும் கேளாத கேள்வி.

கொழும்பு வீதிகளில் மின்சார வாகனம் அதற்கு முன்பே ஓடியது. 1899இல் பௌஸ்ரட் சகோதரர் என்ற ஆங்கிலக் கம்பனி ட்ராம் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. நகருக்கு மின்விளக்கு விற்றதும் வண்டி ஓட்டியதும் ஒரே முதல்தான். தண்டவாளம் எத்தெருவிற் போகவேண்டும் என்பதை இலாபக் கணக்கே தீர்மானித்தது. 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானையிற் பொலிசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. மின்சாரத்தின் வரலாற்றை இயந்திரங்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இந்த இரத்தத்தைக் குறிப்பிடுவதில்லை.

1931இற் சர்வசன வாக்குரிமை வந்தது. அரச சேவையை விட்டு வெளியேறிய விமலசுரேந்திர, இரத்தினபுரித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தார். துரைமாரின் அலுவலகங்களில் உறங்கிய திட்டம் அங்கே மக்கட் பிரதிநிதிகளின் விவாதப் பொருளாயிற்று. பின்னர் வேலை மீண்டும் தொடங்க, உலகப்போர் குறுக்கிட்டது. ஈற்றில் 1950இல், 25 மெகாவாட் வலுவுடன் முதலாங் கட்டம் முடிவுற்றது. மூன்று ஆண்டுகளின்பின் விமலசுரேந்திர மறைந்தார்.

இவ்வளவில் நின்றுவிட்டாற் கதை இனிதே முடிந்ததாகத் தோன்றும். ஆனால் லக்சபான எழுந்த மலைகளில் வாழ்ந்தோர் யார்? தேயிலைத் தோட்டத் தொழிலாளர். நிலையம் திறக்க இரண்டாண்டு முன்னர், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்கும் பறிபோயிற்று. மின்கம்பிகள் அவர்களுடைய லயக் காம்பிராக்களின் மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன. காம்பிராவினுள் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. பல்லாண்டுகள் அதுவே எரிந்தது. வாக்கில்லாதவன் வாயிலுக்குக் கம்பி இறங்கவில்லை.

ட்ராம் சேவை 1944இல் மாநகரசபையின் கைக்கு வந்தது. 1953இல் ட்ரொலி பஸ்கள் வந்தன. தண்டவாளம் வேண்டாத, மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் வண்டி. அடுத்த ஆண்டே கலாநிதி என். எம். பெரேரா கொழும்பு மேயரானார். மக்களின் நகரசபை, மக்களின் நீரிற் பிறந்த மின்சாரத்தால், மக்களை ஏற்றிச்செல்லும் காலம் பிறந்துவிட்டதென நம்ப நியாயம் இருந்தது. நடந்தது வேறு. 1960இல் ட்ராம் நின்றது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. மலைநாட்டில் நீர்மின் பெருகிவந்த காலத்திலேயே, தலைநகரின் போக்குவரத்து முற்றாக இறக்குமதி டீசலுக்குச் சென்றது. இதனை ஒரு பெருந் தவறென்றே நாம் கருதுகிறோம். 

அரை நூற்றாண்டு கடந்து மின்சார வாகனம் திரும்பி வந்தது. இம்முறை அது தனியாள் கார். 2015இல் வரி குறைவாயிருந்தபடியால் ஆயிரக்கணக்கில் இறங்கின. அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டம் வரியை உயர்த்த, வரவு சுருங்கிற்று. 2020இல் அந்நியச் செலாவணி முடைவந்து வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இலேதான் மீண்டும் வழி திறந்தது. ஒரு மின்நிலையம் முப்பது நாற்பது ஆண்டுக்குரிய முதலீடு. நிதியமைச்சரின் மனமோ ஓராண்டுக்குரியது. வந்த கார்களுக்கும் மின்னேற்றியது எது? மலைநீரோடு, சீனக் கடனிற் கட்டப்பட்ட நுரைச்சோலையின் நிலக்கரியும்தான். 2022இல் எரிபொருளுக்குப் பணமின்றி நாடு மணிக்கணக்கில் இருளில் இருந்ததை வாசகர் மறந்திரார்.

அந்த இருளிலிருந்தே ஆட்சி மாற்றங்கள் பிறந்தன. 2024 யூனில், மின்சார சபையைத் துண்டாக்கித் தனியார் முதலுக்கு வழிவிடும் சட்டம் நிறைவேறியது. செப்ரெம்பரில் சனாதிபதி மாறினார். 2025இற் சட்டம் திருத்தப்பட்டு, பிரிக்கப்படும் கம்பனிகள் அரசின் உடைமையாகவே இருக்குமென்றாயிற்று. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம், புதிய அரசாங்கம் விலையை மறுபரிசீலனைக்கு எடுத்ததும் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அலகுக்கு எட்டு அமெரிக்கச் சதத்துக்கு மேற்பட்ட விலை அது. விலகியதை முதலீட்டின் இழப்பென்று புலம்பிய பத்திரிகைகள், அவ்விலையை இருபதாண்டு கட்டப்போவது யார் என்று எழுதவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார்த் தீவு மக்கள் தெருவில் இறங்கினர். மழைநீர் வடியும் வழி அடைபடும், கடற்றொழில் கெடும் என்பது அவர்கள் வாதம். சனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். மின்சாரம் எங்கே போகிறது, எங்கள் நிலத்தில் எஞ்சுவது என்ன என்று அம் மக்கள் கேட்டனர். மஸ்கெலியாவின் லயங்களில் 1950இல் இருந்தோருட் பெரும்பாலோருக்கு அதைக் கேட்பதற்கு வாக்குக்கூட இருக்கவில்லை.